பேய்க்குத் துணி தைத்தது யார்?

கேள்வி: பேய்க் கதைகள் வெறும் பொழுதுபோக்கு என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பேயைப் பார்த்தவர்கள் எந்த நாட்டிலும் வெள்ளை உடை என்றே சொல்கிறார்கள். ரத்தக்காட்டேரி வெயிலில் பொசுங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆயிரக்கணக்கான வருடப் பாரம்பரியம். உண்மை இல்லாமலா இத்தனை பேர் ஒரே மாதிரி சொல்வார்கள்? நண்பர்களோடு ஓயிஜா பலகை (ஆவியோடு பேச எழுத்துகள் போட்ட பலகை) வைத்துப் பார்த்தபோது, நாங்கள் விரல் வைத்திருந்த கட்டை தானாக நகர்ந்து, இறந்துபோன ஒருவரின் பெயரை எழுத்துக்கூட்டியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?
(ஒரு வாசகர்)

பதில்: வெயிலிலிருந்து தொடங்குகிறேன். அதுதான் சுலபம்.

1897-ல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா' நாவலில் ரத்தக்காட்டேரியான டிராகுலா பிரபு லண்டன் தெருவில் பட்டப்பகலில் நடமாடுகிறார். பகலில் சக்தி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கடைசியில் அவரைக் கொல்வதும் கத்தி. நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கும், நெஞ்சில் அறையும் மரமுளை இல்லை. நாவலில் வரும்போதே வெள்ளை மீசை வைத்த கிழவர் வேறு. வெயில் பட்டுச் சாகிற ரத்தக்காட்டேரி 1922-ல் வந்த 'நோஸ்ஃபெராத்து' என்ற ஜெர்மன் மௌனப் படத்தின் கைவேலை. ஸ்டோக்கரின் நாவலை வைத்து அந்தப் படத்தை அனுமதி வாங்காமல் எடுத்துவிட்டார்கள். ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டார், எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொல்லித் தீர்ப்பானது. சில பிரதிகள் எப்படியோ தப்பித்தன. ஆக, உங்கள் ஆயிரக்கணக்கான வருடப் பாரம்பரியத்துக்கு வயது நூறும் சொச்சமும். அதுவும் நீதிமன்ற உத்தரவை ஒழுங்காக நிறைவேற்றியிருந்தால் அப்போதே மண்ணோடு போயிருக்கும்.

டிராகுலாவின் கழுத்துக்குப் பின்னால் விறைத்து நிற்கும் அந்தக் காலரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது 1920-களின் மேடை நாடகத்திலிருந்து வந்தது. நடிகர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். தலை காலருக்குள் மறைந்திருக்கும். மற்றவர்கள் அங்கியைப் பிடித்துக்கொண்டிருக்க, ஆள் மேடைத் தரையில் இருக்கும் கதவு வழியே நழுவிக் கீழே போய்விடுவார். கையில் வெறும் துணி மட்டும் மிஞ்சும். தையற்காரரின் சாமர்த்தியம் அப்புறம் பேயின் லட்சணமாகிவிட்டது.

நம்பிக்கையே புதிது என்று நான் சொல்லவில்லை. 1732-ல் ஆஸ்திரிய ராணுவ மருத்துவர்கள் செர்பிய கிராமம் ஒன்றில் கல்லறைகளைத் தோண்டிப் பார்த்து அறிக்கையே எழுதியிருக்கிறார்கள். ஆனால் அந்த ரத்தக்காட்டேரி யார்? செத்துப்போன கிராமத்து ஆள். ஊதிப்போய், வாயோரம் ரத்தம் வடிந்து கிடந்தவர். புதைத்த உடம்பு அழுகும்போது அப்படி ஆவது சகஜம். அங்கியும் அரண்மனையும் அவரிடம் ஏது?

இப்போது வெள்ளை உடை. பழைய இங்கிலாந்தில் சாதாரண மக்களின் பிணத்தை வெள்ளைத் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். ஜப்பானில் இறந்தவருக்கு வெள்ளைக் கிமோனோ. அதனால் இரண்டு நாட்டுப் பேயும் கடைசியாக உடுத்திய துணியோடு வருகிறது; இதில் மர்மம் என்ன இருக்கிறது? வித்தியாசத்தைப் பார்த்தால்தான் சுவாரசியம். பழைய ஜப்பானிய ஓவியங்களில் பேய்க்குக் கால் இருக்காது. ஆங்கிலப் பேயோ படிக்கட்டில் தடதடவென்று நடக்கும். நிஜமாகவே பார்த்தவர்கள் கால் விஷயத்திலாவது ஒத்துப்போயிருக்க வேண்டாமா?

ஒரு வெள்ளை உடைப் பேயை மட்டும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்ப்போம். 1803 கடைசியில், லண்டனை ஒட்டிய ஹேமர்ஸ்மித்தில் பேய் உலவுவதாக ஒரே பேச்சு. பார்த்த பலரும் ஒரே மாதிரி சொன்னார்கள், வெள்ளை உருவம் என்று. உங்கள் வாதப்படி பலமான சாட்சியம். 1804 ஜனவரி 3-ஆம் தேதி இரவு, பிரான்சிஸ் ஸ்மித் என்ற கலால் அலுவலர் துப்பாக்கியோடு காவலுக்குக் கிளம்பினார். இருட்டில் வெள்ளையாக ஒன்று வந்தது. யார் என்று கேட்டார். பதில் இல்லை. சுட்டார். செத்தது தாமஸ் மில்வுட் என்ற கொத்தனார். வெள்ளைக் கால்சட்டை, வெள்ளை உள்சட்டை, வேலைக்காக இடுப்பில் கட்டும் முன்துணி. பூச்சு வேலைக்காரர்கள் அன்றைக்கு அப்படித்தான் உடுத்துவார்கள். சில நாள் முன்புதான் யாரோ அவரைப் பேய் என்று நினைத்து மிரண்டிருக்கிறார்கள். வெளியே போகும்போது மேலே ஒரு கோட்டைப் போட்டுக்கொள் என்று மாமியார் சொல்லியும் கேட்கவில்லை.

ஸ்மித்துக்கு மரண தண்டனை விதித்தார்கள், பிறகு அதை ஓர் ஆண்டு கடுங்காவலாகக் குறைத்தார்கள். செய்தி பரவியதும் செருப்புத் தைக்கும் முதியவர் ஒருவர் முன்வந்து ஒப்புக்கொண்டார்: படுக்கை விரிப்பைப் போர்த்திக்கொண்டு திரிந்தது நான்தான் என்று. அவரிடம் வேலை பழகிய பையன், அவருடைய பிள்ளைகளுக்குப் பேய்க் கதை சொல்லி மிரட்டிக்கொண்டிருந்தானாம். அவனுக்குப் பாடம் புகட்டக் கிளம்பினாராம். தப்பாக நினைத்துத் தாக்கியவனை எப்படி நடத்துவது என்ற சட்டக் கேள்வி ஆங்கில நீதிமன்றங்களில் 1980-கள் வரை இழுத்தது. பத்துப் பேர் ஒரே மாதிரி சொன்னதால் அங்கே நிரூபணமானது ஒன்றே ஒன்று: பத்துப் பேரும் ஒரே வதந்தியைக் கேட்டிருந்தார்கள்.

ஊடுருவித் தெரியும் பேயை இதோடு சேர்த்து முடித்துவிடலாம். 1862-ல் லண்டன் மேடையில் சாய்த்து வைத்த கண்ணாடியில், கீழே ஒளிந்திருந்த நடிகரின் பிம்பத்தை விழவைத்துக் காட்டினார்கள். அதே காலத்தில் அமெரிக்காவில் ஒரே தகட்டில் இரண்டு முறை படம் பிடித்து 'ஆவிப் படம்' விற்றார்கள். பேய் இப்படித்தான் கண்ணாடியாய் இளைத்தது.

சரி, பலகைக்கு வருவோம். ஓயிஜா எந்த மந்திரவாதியின் குகையிலும் கண்டெடுத்தது இல்லை. 1891-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கி, விளையாட்டுச் சாமானாக விற்றது. 1966-ல் அதை வாங்கியது, மோனோபோலி என்ற பலகை ஆட்டத்தை அப்போது விற்ற அதே கம்பெனி. குடும்பத்தோடு உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்த பலகை, 1973-ல் வந்த 'தி எக்ஸார்சிஸ்ட்' படத்துக்கு அப்புறம்தான் பலருக்குச் சாத்தானின் கதவாகத் தெரிய ஆரம்பித்தது.

கட்டை நகர்ந்தது உண்மைதான். நீங்களும் உங்கள் நண்பர்களும் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. மின்சார ஆராய்ச்சி செய்த அதே மைக்கேல் ஃபாரடே 1853-ல் இதைச் சோதித்தார். அப்போது பலகைக்குப் பதில் மேஜை: சுற்றி உட்கார்ந்து கைவைத்தால் ஆவி மேஜையை நகர்த்தும் என்ற மோகம். அவர் மேஜைக்கும் கைகளுக்கும் நடுவே அட்டைகளை அடுக்கி, இடையில் இளகிய பசையை வைத்தார். மேஜை கையை இழுத்தால் அடி அட்டை முந்த வேண்டும். கை மேஜையைத் தள்ளினால் மேல் அட்டை முந்த வேண்டும். மேல் அட்டைதான் முந்தியது. கை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று காட்டும் முள் ஒன்றைக் கண்ணெதிரே வைத்ததும் மேஜை நகர்வதே நின்றுபோனது. தள்ளுகிறோம் என்று தெரியாமலே தள்ளியிருந்தார்கள்.

உங்கள் வீட்டில் அட்டையும் பசையும் வேண்டாம். அடுத்த முறை எல்லோரும் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் சேராத ஒருவரை, உங்களுக்குத் தெரியாமல் பலகையை அரைச் சுற்றுத் திருப்பி வைத்து, கட்டை நிற்கும் எழுத்துகளை வரிசையாகக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஆவிக்குக் கண் தெரியும்தானே, எழுத்துப் பிழை வரக் கூடாது. குறித்த தாளை அப்படியே, ஓர் எழுத்தும் திருத்தாமல், எனக்கு அனுப்புங்கள். இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.