தைமஸ் கட்டி கல்லீரலுக்குப் பரவிவிட்டால் அறுவை சிகிச்சை செய்ய முடியுமா?

முடியும், ஆனால் எல்லோருக்கும் இல்லை. எங்கள் பெரியம்மாவுக்குச் செய்தார்கள். நான் டாக்டர் இல்லை. மூன்று மாதம் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அவருடன் அலைந்தவன், அவ்வளவுதான்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில் வந்த தைமோமா என்ற கட்டியை ஒன்பது வருடம் முன்பே எடுத்தாயிற்று. ஐந்து வருடம் ஸ்கேன் பார்த்தோம், அப்புறம் விட்டுவிட்டோம். அதுதான் நாங்கள் செய்த தப்பு. மெதுவாக வளரும் கட்டி என்பதால் பத்து வருடம் கழித்தும் தலைகாட்டும். பித்தப்பைக் கல்லுக்காக எடுத்த ஸ்கேனில்தான் கல்லீரலின் இடது பக்கம் நாலு சென்டிமீட்டர் கட்டி தெரிந்தது. முதலில் பார்த்தவர் "ரத்தக்குழாய்க் கட்டிதான், பயப்படாதீங்க" என்றார். பழைய கதையைச் சொன்னதும் இரண்டாவது டாக்டர் பயாப்ஸி கேட்டார். பெரியப்பா பீரோவில் பத்திரமாக வைத்திருந்த பழைய மெழுகு பிளாக்கோடு, அதாவது அன்று எடுத்த கட்டியின் துண்டைப் பதித்து வைத்த மெழுகோடு, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தைமோமாவில் அதே பி2 வகை.

தைமோமா பரவினால் பெரும்பாலும் நுரையீரல் உறை, இதய உறை என்று அக்கம்பக்கத்தில்தான் ஒட்டும். கல்லீரல் வரை போவது அபூர்வம். போனால், கட்டி எவ்வளவு பரவியிருக்கிறது என்று பிரிக்கும் மசவோகா கணக்கில் 4பி நிலை. ரிப்போர்ட்டில் அந்த 4-ஐப் பார்த்து வீடே அழுதது. மற்ற கேன்சர்களின் நாலாம் நிலையை வைத்து இதை எடைபோடக் கூடாது என்று பிறகுதான் புரிந்தது. அதே தைமஸில் வரும் இன்னொரு புற்றுநோயான தைமிக் கார்சினோமா என்றால் கதை வேறு. அது வேகமானது, அதற்குக் கீமோதான் முன்னால் நிற்கும்.

இத்தனை அபூர்வம் என்பதால் பெரிய ஆய்வுகள் கிடையாது. சர்ஜன், கீமோ டாக்டர், ஸ்கேன் டாக்டர் எல்லோரும் கூடிப் பேசித்தான் முடிவெடுக்கிறார்கள். கட்டி ஒன்றா பலவா, பெரிய ரத்தக்குழாயை ஒட்டியிருக்கிறதா, நெஞ்சில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். வெட்டிய பிறகு கல்லீரல் போதுமான அளவு மிஞ்ச வேண்டும். நல்ல கல்லீரலுக்கே கால்வாசிக்குக் குறையக் கூடாது, கீமோ வாங்கிய கல்லீரலுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். பெரியம்மாவுக்கு ஒரே கட்டி, அதுவும் ஓரத்தில். பல கட்டிகள் இருந்தால் முதலில் கீமோ கொடுத்துச் சுருக்கப் பார்ப்பார்கள். சிறியதை ஊசி செருகிச் சூட்டில் கருக்குவதும் உண்டு.

நாங்கள் எதிர்பார்க்காதது மயக்க டாக்டரின் கவலை. தைமோமாக்காரர்களில் கணிசமானவர்களுக்கு மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் இருக்கும். பெரியம்மாவுக்கும் இருந்தது. அவரை விட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னார். ஒரு நிமிடத்தில் இடது இமை இறங்கிவிட்டது. அடுத்து, ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார். இருபத்தேழில் மூச்சு முட்டியது. "தசையைத் தளர்த்தும் மருந்து இவங்களுக்கு அளந்துதான் போடணும், மூச்சுக்காக வாயில விட்ட குழாயை எடுக்கிறப்ப கவனமா இருக்கணும்" என்று சொல்லிவிட்டு, மாத்திரை எத்தனை மணிக்குப் போடுகிறார் என்று நேரம் நேரமாக எழுதிக்கொண்டார். ஆபரேஷனைவிட அந்த இரவு ஐசியூதான் எங்களுக்குப் பயம்.

எட்டாம் நாள் வீடு வந்தார். இப்போது ஒன்றரை வருடம் ஆகிறது. உங்கள் வீட்டில் யாருக்காவது என்றால், பழைய கட்டியின் ஸ்லைடு (கண்ணாடித் தகடு), மெழுகு பிளாக் இரண்டையும் முதலில் தேடி எடுத்து வையுங்கள். இமை சரிவது, சாப்பிடும்போது தாடை சோர்ந்துபோவது போன்றவை இருந்தால் டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள்.