யூரியா போட மாதம் பார்ப்பதா, மழை பார்ப்பதா?

கேள்வி: என் தம்பி இங்கிலாந்தில் ஒரு கோதுமைப் பண்ணையில் வேலை செய்கிறான். அங்கே ஒக்டோபரில் விதைத்தால் பெப்ரவரி கடைசி வரைக்கும் யூரியாவைத் தொடவே மாட்டார்களாம். நாங்கள் லீக்ஸ் நட்ட அன்றே எல்லா யூரியாவையும் போட்டு முடித்துவிடுகிறோம், திரும்பத் திரும்ப மூட்டையோடு மேட்டுக்கு ஏற ஆளும் இல்லை, கூலியும் கட்டாது. நாங்களும் பொறுத்துத்தான் போட வேண்டுமா?
- வாசகர், கந்தப்பளை

பதில்: பொறுத்துத்தான் போட வேண்டும். ஆனால் அவர்களுடைய மாதக் கணக்கு நமக்குப் பொருந்தாது, காரணம் மட்டும்தான் பொருந்தும். குளிர்காலத்தில் கோதுமையின் வளர்ச்சி அநேகமாக நின்றுவிடும், அந்த நேரத்தில் அதற்கு வேண்டிய கொஞ்ச நைதரசன் பெரும்பாலும் மண்ணிலேயே இருக்கும். மேலே போடுவதைப் பயிர் எடுக்காது, மழை அதை நிலத்தடி நீருக்கு இறக்கிவிடும். அதனால் அங்கே நைத்திரேற்று மாசுக்கு ஆளாகும் பகுதிகளில் உழவு நிலத்துக்கு செப்டெம்பர் 1 முதல் ஜனவரி 15 வரை செயற்கை நைதரசன் பசளை போடவே பொதுவாகச் சட்டம் விடுவதில்லை. குளிர் விட்ட பிறகு மார்ச் வாக்கில் சின்னப் பங்கு, தண்டு நீளத் தொடங்கும் ஏப்ரலில் பெரிய பங்கு. அவசரப்பட்டு முன்னாலேயே நிறையக் கொடுத்தால் பக்கக் கிளைகள் அளவுக்கு மீறி வெடித்து, பிறகு பயிர் சாயும்.

நம் மலையில் பயிர் வருடம் முழுக்க வளரும், சரி. ஆனால் மழை இருக்கிறதே! யூரியா சில நாளில் அமோனியமாக மாறும், பிறகு நைத்திரேற்றாக மாறும். அமோனியத்தை மண் பிடித்து வைக்கும், நைத்திரேற்றைப் பிடிக்காது. நட்ட அன்று லீக்ஸ் நாற்றுக்கு வேர் என்று சொல்லவே ஒன்றும் இல்லை, அது வேர் பிடித்து எழும்புவதற்குள் இரண்டு நல்ல மழை கொட்டினால் நீங்கள் போட்டதில் பெரும்பங்கு சரிவில் இறங்கி வாய்க்காலுக்குப் போய்விடும். 50 கிலோ மூட்டையில் நைதரசன் 23 கிலோதான். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியபோது ஒரு மூட்டைக்கு எவ்வளவு அலைந்தோம், அதை இப்படித் தண்ணீரில் விடலாமா?

உங்கள் விவசாயப் போதனாசிரியர் சொன்ன மொத்த அளவைக் கூட்ட வேண்டாம், பிரித்துப் போடுங்கள். நாற்று வேர் பிடித்துப் புது இலை விட்டதும் ஒரு பங்கு, தண்டு தடிக்கத் தொடங்கும்போதும் மண் அணைக்கும்போதும் மீதி. பிடுங்கும் நாள் நெருங்கினால் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் இலைதான் தளதளவென்று வரும். கோழி எரு நிறையப் போட்டிருந்தால் அதிலேயே நைதரசன் உண்டு, அதற்கேற்ப யூரியாவைக் குறையுங்கள். தூக்கும் மூட்டை மொத்தத்தில் அதேதான், களை எடுக்கிற நாளோடு பசளையையும் சேர்த்துக்கொண்டால் தனிக் கூலி தேவைப்படாது.

போடும் விதத்திலும் கவனம் வேண்டும். பனி காயாத காலையில் வீசினால் மணிகள் லீக்ஸ் இலையின் மடிப்பில் சறுக்கிக் குருத்துக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், அந்த இடம் வெந்து வெளுத்துவிடும். இலை காய்ந்த பிறகு, வரிசைக்குப் பக்கத்தில் சின்னக் கோடு கீறிப் போட்டு மண்ணால் மூடுங்கள். மூடாமல் விட்டால் அமோனியாவாகக் காற்றில் போகும், அதிலும் டொலமைட்டோ சுண்ணாம்போ போட்ட கையோடு யூரியா போட்டால் இழப்பு இன்னும் மோசம், இரண்டுக்கும் நடுவில் சில வாரம் இடைவெளி விடுங்கள். லேசான தூறல் வந்தால் நல்லதுதான். வானம் கருத்து அடைமழை வரும்போல் இருந்தால் மூட்டையை அவிழ்க்கவே வேண்டாம், நாலு நாள் பிந்தினால் பயிர் செத்துவிடாது.

கேள்வி: நெல்லுக்கு மேற்கட்டு யூரியாவை (பயிர் வளரும்போது மேலே போடுவதை) வயலில் தண்ணீர் நிற்கும்போதே வீசலாமா?
- வாசகி, வெலிமடை

பதில்: வேண்டாம் அக்கா. வெயிலில் பாசி படர்ந்த தண்ணீரில் காரத்தன்மை ஏறும், யூரியாவிலிருந்து வரும் அமோனியா அப்படியே பறந்துவிடும். தண்ணீரை வடித்துச் சேறு தெரிகிற பதத்தில் போட்டு, ஓரிரு நாள் கழித்துத் திரும்பக் கட்டுங்கள். மட்டம் வெடிக்கும்போது, அதாவது அடியிலிருந்து பக்கத் தண்டுகள் விடும்போது, ஒரு பங்கு, கதிர் உருவாகத் தொடங்கும்போது இன்னொரு பங்கு. இரண்டாவதற்கு நாள் எண்ணிக்கொண்டிருக்காமல் ஒரு தாய்த்தண்டைப் பிடுங்கி நீளவாக்கில் கீறிப் பாருங்கள். அடியில் ஒன்றிரண்டு மில்லிமீற்றர் அளவில் வெள்ளையாகப் பஞ்சுபோல் ஒரு முனை தெரிந்தால் அந்த வாரமே போடலாம்.