ஏற்காட்டிலிருந்து மண்ணியல் படிக்கப் போகிறவருக்கு: உதவித்தொகையும் வேலையும்

கேள்வி: ஏற்காடு மலையில் இருக்கிறோம், மலையாளி பழங்குடியினர். பி.எஸ்சி. வேளாண்மை மூன்றாம் ஆண்டு படிக்கும் மாணவி நான். அடுத்து எம்.எஸ்சி. மண்ணியல் சேர ஆசை. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் காபியும் மிளகும்தான். செலவுக்கு என்ன வழி? மண்ணியல் படித்தால் மண் பரிசோதனை நிலையத்தைத் தவிர வேறு வேலை கிடையாது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையில்லை. உங்கள் கையில் இருக்கும் பெரிய சொத்து, முடிக்கப்போகும் பி.எஸ்சி. வேளாண்மைதான். பெரும்பாலான அரசு வேலைகளும் வங்கி வேலைகளும் அந்த இளங்கலைப் பட்டத்தைத்தான் கேட்கின்றன, எம்.எஸ்சி. அதற்கு மேல் இன்னும் சில கதவுகளைத் திறக்கும். ஆகவே மண்ணியலைத் தயங்காமல் எடுங்கள்.

முதலில் பணம். பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் பழங்குடியினருக்கான போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை முதுகலைக்கும் உண்டு. வெளிமாநிலத்தில் படித்தாலும் சொந்த மாநிலம்தான் அதைத் தர வேண்டும். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் இப்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வாங்கிக்கொண்டிருப்பீர்கள். அது இளங்கலையோடு நின்றுவிடும், அதை நம்பி எம்.எஸ்சி.க்குக் கணக்குப் போடாதீர்கள். இறுதியாண்டின் கிராமத் தங்கல் பயிற்சிக்கு ஆறு மாதம், மாதம் 3,000 ரூபாய் தரும் ஏற்பாடும் இருக்கிறது. கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

விண்ணப்பம் ஏற்கப்பட்டும் பணம் வராமல் போவதற்கு இரண்டு சிக்கல்கள் அடிக்கடி காரணமாகின்றன. ஒன்று, பெயர். சாதிச் சான்றிதழில் இனிஷியல், ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பின்னால் என்று மூன்று விதமாக இருக்கும். இணையத்தில் ஒப்பிடும்போது மாட்டிக்கொள்ளும். பழங்குடியினர் சான்றிதழைத் தருபவர் வட்டாட்சியர் அல்ல, வருவாய்க் கோட்டாட்சியர். விசாரணை முடிந்து கைக்கு வர நாளாகும் என்பதால் அதைத் திருத்துவதைக் கடைசி நாள்வரை தள்ளாதீர்கள்; முடிந்தால் சான்றிதழில் உள்ளபடி ஆதாரை மாற்றுவது சுலபம். இரண்டாவது, வங்கிக் கணக்கு. ஆதாரை வங்கியில் கொடுத்திருப்பது வேறு, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்காகக் கணக்கை ஆதாரோடு இணைத்து வைப்பது, அதாவது சீடிங், வேறு. கடைசியாக எந்த வங்கியில் சீடிங் செய்தீர்களோ, அந்தக் கணக்குக்குத்தான் பணம் போகும். அது பள்ளியில் தொடங்கி மறந்துபோன கணக்காகவும் இருக்கலாம். ஆதார் இணையதளத்திலேயே எந்த வங்கி என்று பார்த்துவிடலாம்.

அடுத்தது இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்துக்காக (ஐ.சி.ஏ.ஆர்.) தேசியத் தேர்வு முகமை நடத்தும் அகில இந்திய முதுகலை நுழைவுத் தேர்வு. மண்ணியலுக்கு ‘பிசிக்கல் சயின்ஸ்’ பிரிவில் எழுத வேண்டும். 120 கேள்வி, 480 மதிப்பெண். சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். தரவரிசையில் முன்னால் வருபவர்களுக்கு மாதம் 12,640 ரூபாய் உதவித்தொகை. அது கிடைக்காவிட்டாலும், இந்தத் தேர்வு வழியாகச் சொந்த மாநிலத்துக்கு வெளியே சேருபவர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் உண்டு. கோவைக்குப் போனால் இந்த 5,000 கிடையாது, பெங்களூரு வேளாண் பல்கலைக்கழகத்துக்குப் போனால் உண்டு; சேலத்திலிருந்து இரண்டுமே ஒரு பகல் பயணம்தான். ஒரே காலத்தில் இரண்டு உதவித்தொகை வாங்க மாட்டேன் என்ற உறுதிமொழி பெரும்பாலும் கேட்பார்கள். கட்டணம், விடுதி இரண்டையும் கூட்டி எது லாபம் என்று பார்த்தபின் கையெழுத்துப் போடுங்கள்.

பிஎச்.டி.க்குப் போனால் மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகத்தின் ஃபெலோஷிப் ஆண்டுக்கு 750 பேருக்குத் தரப்படுகிறது. முதுகலை மதிப்பெண்ணை வைத்துத் தேர்வு செய்கிறார்கள், நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வைக் கேட்பதில்லை. எனவே எம்.எஸ்சி.யில் வாங்கும் ஒவ்வொரு புள்ளியும் பின்னால் காசாகும்.

நெட் பற்றிக் குழப்பம் வேண்டாம். யு.ஜி.சி. நெட் பாடப் பட்டியலில் மண்ணியல் இல்லை. வேளாண் விஞ்ஞானிகள் தேர்வு வாரியம் நடத்தும் ஏ.எஸ்.ஆர்.பி. நெட்டில் உண்டு: 150 கேள்வி, இரண்டு மணி நேரம், பழங்குடியினருக்குத் தேர்ச்சி 40 சதவீதம். ஆனால் அது உதவிப் பேராசிரியர் தகுதி மட்டுமே. மாதப் பணம் தராது. பெரியார் பல்கலைக்கழகத்தில் புவியமைப்பியல் போன்ற பாடம் படித்துக்கொண்டு மண் பக்கம் வர நினைப்பவர்கள் சி.எஸ்.ஐ.ஆர். நெட்டில் புவி அறிவியலையோ, யு.ஜி.சி. நெட்டில் சுற்றுச்சூழல் அறிவியலையோ எழுதலாம், அவற்றில் ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வாளருக்கான மாத உதவித்தொகை, உண்டு.

மத்திய அரசு நிதியில் நடக்கும் ஆய்வுத் திட்டங்களில் ஜே.ஆர்.எஃப்.புக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலை ஆய்வாளருக்கான எஸ்.ஆர்.எஃப்.புக்கு 42,000, வீட்டு வாடகைப்படி தனி. விளம்பரத்தைப் பார்த்ததும் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள். நிதி எங்கிருந்து, திட்டம் எந்த மாதம் முடிகிறது என்று கேளுங்கள். முடிய ஐந்து மாதம் இருக்கும் திட்டத்தில் சேர்ந்தால் பிஎச்.டி. பாதியில் தொங்கும்.

வேலைக்கு வருவோம். டி.என்.பி.எஸ்.சி.யின் வேளாண்மை அலுவலர் பதவிக்கு உங்கள் இளங்கலையே தகுதி. அரசு மண் பரிசோதனை நிலையங்களில் இருப்பவர்களும் இந்த அலுவலர்கள்தான். தமிழ்த் தகுதித் தாளில் 150க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற விடைகளைத் திருத்தவே மாட்டார்கள். பாடத்தில் கெட்டிக்காரர்களும் இங்கே சறுக்குகிறார்கள். பொதுத்துறை வங்கிகளின் வேளாண் கள அலுவலர் பணிக்கு வயது 20 முதல் 30, உங்களுக்கு ஐந்து ஆண்டு தளர்வு. எம்.எஸ்சி. முடித்தால் வேளாண் அறிவியல் நிலையங்களில் பாட வல்லுநர் ஆகலாம். நிலையத்துக்கு ஆறு வல்லுநர் இடங்கள்; சேலத்தில் அது சந்தியூரில் இருக்கிறது. உர நிறுவனங்களும் தனியார் ஆய்வகங்களும் ஆள் எடுக்கின்றன.

தனியார் ஆய்வக நேர்காணலில் சான்றிதழைவிடக் கைவேலையைத்தான் பார்ப்பார்கள். அதைப் பழக சேலம் மாவட்டத்தைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. மேலே சேர்வராயன் மலையில் பாக்சைட் இருக்கும் புளிப்புச் செம்மண். இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சுண்ணாம்பு கலந்த கார மண். சேலம் நகரை ஒட்டியே மேக்னசைட் சுரங்கம், அங்கே மெக்னீசியம் மிகுந்து கால்சியமும் சாம்பல் சத்தும் பயிருக்கு ஏறாமல் தடுமாறும். இந்த மூன்று மண்ணுக்கும் ஒரே முறை செல்லாது. மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காபித் தோட்டத்து மண்ணுக்கு பிரே முறை, அதாவது அமிலக் கரைசலால் பிரித்தெடுப்பது. அதே கரைசலைக் கீழே மரவள்ளிக் கொல்லை மண்ணில் ஊற்றினால், அதிலுள்ள அமிலத்தை மண்ணின் சுண்ணாம்பு தின்றுவிடும். மணிச்சத்து இருந்தும் இல்லாததுபோல் காட்டும். அங்கே பி.எச். (புளிப்பு, காரத் தன்மையின் அளவு) 8.5 உள்ள சோடியம் பைகார்பனேட் கரைசல், அதாவது ஓல்சன் முறை. பி.எச். பார்க்காமல் நேரே மணிச்சத்துக்குப் போகிறவரை எந்த ஆய்வகமும் வைத்துக்கொள்ளாது.

துத்தநாகம் பார்க்க வேண்டிய மண்ணை நாகமுலாம் பூசிய இரும்பு வாளியில் எடுத்துவிட்டு, சத்து அதிகம் என்று அறிக்கை கொடுப்பதும் நடக்கிறது. பிளாஸ்டிக் வாளி, மரக்குச்சி போதும். அங்ககக் கரிமம் பார்க்கையில் பயன்படுத்தும் ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட் கரைசல் நாள்பட வலுவிழக்கும். ஒவ்வொரு தொகுதியோடும் மண் போடாத வெற்று மாதிரி ஒன்றை ஓட்டாவிட்டால் எல்லா எண்ணும் பிசகும். எம்.எஸ்சி. ஆய்வுக்கு ஏற்காட்டிலிருந்து சமவெளி வரை ஒரே சரிவில் மண் எப்படி மாறுகிறது என்பதை எடுங்கள். மூன்று விதமான மண்ணிலும் கை பழகிவிடும்.

சொந்த ஆய்வகம் வைப்பதானால் 2002இல் தொடங்கிய வேளாண் மருத்துவமனை, வேளாண் வணிக மையத் திட்டம் இருக்கிறது: 45 நாள் இலவசப் பயிற்சி, தனிநபருக்கு 20 லட்சம் வரை திட்டக் கடன், பெண்களுக்கும் பழங்குடியினருக்கும் 44 சதவீத மானியம். மானியம் கையில் வராது, கடன் கணக்கில் பின்னால்தான் கழியும்; வங்கி முழுத் தொகைக்கும் திட்ட அறிக்கை கேட்கும். நுண்ணூட்டம் பார்க்கும் அணு உறிஞ்சு நிறமாலைமானியை முதல் நாளே வாங்கிக் கடனை ஏற்றாதீர்கள். பி.எச். மீட்டர், மின்கடத்து மீட்டர், நிறமாலைமானி, ஃபிளேம் போட்டோமீட்டரோடு தொடங்குங்கள். நுண்ணூட்ட மாதிரிகளை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பி, அவை நிரந்தரமாக வரத் தொடங்கியபின் அந்தக் கருவியை வாங்கலாம்.