கட்டுரைக்கு ஏஐ எப்படிப் புள்ளி போடுகிறது? இனி ஆசிரியர் தேவையில்லையா?

ஆசிரியர்கள் புள்ளியிட்ட ஏராளமான கட்டுரைகளைப் பார்த்துப் பழகிய கணினி, புதிய கட்டுரைக்கும் அதே சாயலில் புள்ளி போடுகிறது, அவ்வளவுதான். அமெரிக்காவில் எலிஸ் பேஜ் என்ற கல்வி உளவியலாளர் 1966இலேயே இதைத் தொடங்கிவிட்டார். அவருடைய நிரல் கட்டுரையின் நீளம், காற்புள்ளிகளின் எண்ணிக்கை போன்றவற்றைத்தான் எண்ணியது, கருத்தை அல்ல. வெள்ளவத்தையில் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வாங்குகிறவர் நிறமும் வாசமும் பார்த்து எடுப்பதுபோல. பெரும்பாலும் சரிவரும், சிலவேளை உள்ளே புழு.

இன்றைய ஏஐ அதைவிடக் கெட்டிக்காரன், சரி. ஆனாலும் 'காலிமுகத்திடலில் ஒரு மாலை' என்ற தலைப்புக்கு இஸ்ஸோ வடையின் காரத்தில் கண்கலங்கியதை எழுதிய பிள்ளையைவிட, டியூஷனில் பாடமாக்கியதை ஒப்புவித்த பிள்ளைக்கு அது கூடுதலாகப் போட்டுவிடலாம். எழுத்துப்பிழை கணினிக்கு, கடைசிப் புள்ளி ஆசிரியருக்கு என்றுதான் போகும் என்பது என் கணிப்பு.

கணினிக்குப் பாரபட்சம் கிடையாது என்பார்கள். பழகக் கொடுத்த புள்ளிகளில் இருந்த பாரபட்சம் அப்படியே அதற்கும் வரும்.