சிறுத்தை ஆர்க்கிட் ஒரு தொட்டி இருக்கிறது. அதிலிருந்து இன்னொரு செடி எடுக்க முடியுமா?

தாராளமாக எடுக்கலாம், ஆனால் அவசரம் வேண்டாம். அன்செல்லியா ஆப்பிரிக்கானா என்ற இந்தச் செடி ஆப்பிரிக்காவின் வெப்பக் காடுகளில் மரக்கிளைகளைப் பற்றி வளர்வது. மஞ்சள் பூவில் பழுப்புப் புள்ளிகள் இருப்பதால்தான் இந்தப் பெயர்.

முதலில் வேரைப் பாருங்கள். ஊசி மாதிரி வெள்ளை வேர்கள் மேல்நோக்கி நிற்கும். நோய் என்று நினைத்துப் பலர் வெட்டிவிடுகிறார்கள், தயவுசெய்து வெட்டாதீர்கள்! விழும் சருகுகளைப் பிடித்து, அவை மட்கும்போது சத்தை உறிஞ்ச அந்தச் செடி கட்டிய கூடை அது.

கரும்பு போன்ற தண்டுகள் நெருக்கமாக நிறைந்து, அடியில் புதுத்துளிர் எட்டிப் பார்க்கும் சமயம்தான் பிரிக்க ஏற்றது. தீயில் காட்டி ஆறவைத்த கத்தியால், ஒரு பங்குக்கு மூன்று நான்கு தண்டுகளாவது வருமாறு வெட்டுங்கள். ஒற்றைத் தண்டு பிழைத்தாலும் பூக்க வெகுகாலம் ஆகும். வெட்டுக்காயம் காய்ந்ததும் பெரிய மரப்பட்டைத் துண்டுகளில் நடுங்கள். மண் கூடவே கூடாது. அப்புறம் சில நாள் தண்ணீர் விடாமல் நிழலில் வையுங்கள்.

வேர் பிடித்த பிறகு நல்ல வெளிச்சம் தேவை. வளரும் பருவத்தில் தாராளமாகத் தண்ணீர், ஓய்வுக் காலத்தில் மிகக் குறைவாக.

விதை வழி வீட்டில் கடினம். தூசு போன்ற அந்த விதையில் சேமித்த உணவே இல்லை. காட்டில் பூஞ்சைதான் அதற்கு ஊட்டுகிறது, இல்லையேல் கிருமி நீக்கிய குடுவை வேண்டும்.

வாங்குவதானால் நாற்றங்காலில் வளர்ந்ததையே கேளுங்கள். காட்டிலிருந்து பிடுங்கியே இந்த இனம் குறைந்துவருகிறது.