வரலாறும் குடிமையியலும் கற்பிப்பவர்கள் எந்தப் பயிற்சிக்குப் போகலாம்?

பணியிடைப் பயிற்சி, இணையவழி வகுப்பு, வெளிநாட்டு வாய்ப்பு என்று ஆசிரியர்கள் பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: வாரத்துக்கு ஒரு வெபினார் அழைப்பு வருகிறது. எல்லாவற்றிலும் சான்றிதழ் உண்டு என்கிறார்கள். எதில் சேர்வது, எதை விடுவது?

முதலில் நிகழ்ச்சி நிரலை வாங்கிப் பாருங்கள். யார் யார் பேசப்போகிறார்கள் என்பது மட்டும் அதில் இருக்கும். வந்திருக்கும் ஆசிரியர்கள் என்ன செய்யப்போகிறார்கள் என்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். வரலாற்று ஆசிரியருக்கான பயிற்சி என்றால் உங்கள் கையில் ஏதாவது ஒரு சான்று வந்து சேர வேண்டும். அது கடிதமாகவோ கல்வெட்டுப் படியாகவோ பழைய வரைபடமாகவோ இருக்கலாம். அதை நீங்களே படித்து, பக்கத்தில் இருப்பவரோடு வாதாட நேரமும் வேண்டும். குடிமையியல் பயிற்சி என்றால் ஒரு பொதுப் பிரச்சினையை எடுத்து நீங்களே கலந்து பேசி ஒரு முடிவுக்கு வந்து பார்க்க வேண்டும். இது எதுவும் இல்லாமல் நாள் முழுக்க ஸ்லைடு ஓடுகிறது என்றால் அந்த நேரத்துக்கு ஒரு நல்ல நூலைப் படிப்பதே மேல்.

ஆசிரியர் பயிற்சி ஆய்வுகளில் லாரா டெசிமோன் 2009இல் எழுதிய கட்டுரை இன்றும் எடுத்தாளப்படுகிறது. பயன் தரும் பயிற்சிக்கு 5 அம்சங்களை அவர் சொல்கிறார்: பாடப்பொருளில் ஊன்றியிருப்பது, ஆசிரியரைச் செயலில் ஈடுபடுத்துவது, பள்ளியின் பாடத்திட்டத்தோடு பொருந்துவது, போதுமான காலம் நீடிப்பது, ஒரே பள்ளியிலிருந்து பலர் சேர்ந்து பங்கேற்பது. இதில் நான்காவதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ஒருநாள் கூட்டத்தில் உற்சாகம் வரும், மறுக்கவில்லை. ஆனால் கற்றதை வகுப்பில் செய்து பார்த்துவிட்டு, சரிவராததைத் திரும்ப வந்து பேசுவதற்கு இடம் இருந்தால்தான் கற்பிக்கும் விதம் மாறும்.

கேள்வி: நான் படித்தது ஆங்கில இலக்கியம். ஆள் பற்றாக்குறையால் வரலாறும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

தேதிகளையும் பெயர்களையும் மனப்பாடம் செய்வதில் தொடங்காதீர்கள். கல்வி உளவியலாளர் சாம் வைன்பர்க் 1991இல் வெளியிட்ட ஆய்வு உங்களுக்குத் தெம்பு தரும். அமெரிக்கப் புரட்சியின் முதல் மோதலான லெக்சிங்டன் சம்பவம் பற்றிய ஆவணங்களை 8 வரலாற்றாய்வாளர்களிடமும் 8 உயர்நிலைப்பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, படிக்கும்போதே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். அந்த ஆய்வாளர்களில் பாதிப் பேர் அமெரிக்க வரலாற்றில் தேர்ந்தவர்கள் அல்லர். ஆனாலும் அவர்கள் படித்த விதமே வேறாக இருந்தது. வாசகத்துக்குள் போகும் முன்பே இதை யார் எழுதினார், எப்போது, யாருக்காக என்று பார்த்தார்கள். ஒரு ஆவணம் சொல்வதை இன்னொன்றோடு ஒத்துப் பார்த்தார்கள். மாணவர்கள் பாடப்புத்தகம் படிப்பதுபோல முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை போனார்கள்.

இலக்கியம் படித்த உங்களுக்கு ஒரு வாசகத்தைக் கேள்வி கேட்டுப் படிப்பது புதிதல்ல. வைன்பர்க் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய குழு 'வரலாற்றாய்வாளர் போல் வாசித்தல்' என்ற பெயரில் பாடங்களை உருவாக்கியிருக்கிறது. அந்தக் குழு இப்போது டிஜிட்டல் இன்க்வயரி குரூப் என்ற பெயரில் தனி அமைப்பாக இயங்குகிறது. பாடங்கள் இலவசம். பெரும்பாலும் அமெரிக்க, உலக வரலாறுதான். அதனால் பாடத்தை அப்படியே எடுக்காமல் அதன் அமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: நடுவே ஒரு கேள்வி, அதற்கு ஒன்றோடொன்று முரண்படும் இரண்டு மூன்று சிறு சான்றுகள், கடைசியில் மாணவர் சான்றைக் காட்டித் தன் விடையை எழுதுவது.

ஒரு எடுத்துக்காட்டு. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் 'குடவோலைத் தேர்தல்' என்று ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவது வழக்கம். அங்கே ஏறக்குறைய 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன. முதலாவதில் சபையின் வாரியங்களுக்குத் தேர்வாகும் வயது 30க்கு மேல் 60க்குள். இரண்டே ஆண்டில் அது 35க்கு மேல் 70க்குள் என்று மாறிவிடுகிறது. ஏன் மாற்றினார்கள்? மாணவர்களை யூகிக்க விடுங்கள். அப்புறம் மற்றத் தகுதிகளைப் படிக்கச் சொல்லுங்கள்: வரி கட்டும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி. கணக்குக் காட்டாமல் விட்டவருக்கும் அவருடைய உறவினருக்கும் இடமில்லை. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்கிறார்கள். அப்படியானால் இது வாக்கெடுப்பா, குலுக்கலா? யாரெல்லாம் இந்தக் குடத்துக்கு வெளியே நின்றார்கள்? அரசனின் அதிகாரி உடனிருந்ததாகக் கல்வெட்டே சொல்கிறதே, அவருக்கு அங்கே என்ன வேலை?

அடுத்த பாடவேளையில் பண்டைய ஏதென்ஸை எடுக்கலாம். அங்கும் 500 பேர் கொண்ட மன்றத்தைக் குலுக்கல் முறையில்தான் நிரப்பினார்கள். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அதில் இடமில்லை. வரலாறும் குடிமையியலும் ஒரே மேசையில் வந்து உட்காரும் இடம் இது. இப்படி ஒரு பாடத்தை நீங்களே தயாரிக்கக் கற்றுத்தரும் பயிற்சி எங்கே நடந்தாலும் விடாதீர்கள்.

கேள்வி: குடிமையியல் என்றாலே பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். இதற்கென்று தனிப் பயிற்சி இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்காவின் குடிமைக் கல்வி மையம் உருவாக்கிய 'ப்ராஜெக்ட் சிட்டிசன்' பல நாடுகளில் பயன்பட்டிருக்கிறது. மாணவர்கள் தங்கள் பகுதியில் ஒரு பொதுப் பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, தகவல் திரட்டி, மாற்று வழிகளை எடைபோட்டு, ஒரு கொள்கையை முன்வைத்து, அதை அதிகாரிகளிடம் எப்படிக் கொண்டுசேர்ப்பது என்றும் திட்டமிடுவார்கள். ஆசிரியருக்கான வழிகாட்டியும் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்த சாண்ட்ரா டே ஓ'கானர் 2009இல் தொடங்கிய ஐசிவிக்ஸ் அமைப்பு கணினி விளையாட்டுகள் வழியாகச் சொல்லிக்கொடுக்கிறது. அதில் வருவது அமெரிக்க அரசமைப்பு. ஆனால் ஒரு நடைமுறையை எப்படி விளையாட்டாக்குகிறார்கள் என்று பார்ப்பதற்காகவே ஒருமுறை ஆடிப் பாருங்கள்.

ஒரே ஒரு முறையைத்தான் கற்க நேரம் இருக்கிறது என்றால் டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் உருவாக்கிய கட்டமைத்த விவாத முறையைச் சொல்வேன். நான்கு பேர் கொண்ட குழு, அதற்குள் இரண்டு ஜோடி. 'வாக்களிப்பது கட்டாயமாக வேண்டுமா?' என்பதுபோல் ஒரு கேள்வி. ஒரு ஜோடி ஆதரித்துப் பேசும். மறு ஜோடி கேட்டுவிட்டு, அவர்கள் சொன்னதை அவர்களே ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். அப்புறம்தான் தன் பக்கத்தைப் பேசலாம். பிறகு பக்கம் மாறிப் பேச வேண்டும். கடைசியில் பக்கங்களை விட்டுவிட்டு நால்வரும் சேர்ந்து எங்கே ஒத்துப்போகிறோம், எங்கே இல்லை என்று எழுத வேண்டும். பட்டிமன்றத்தில் ஜெயிக்கப் பேசும் பிள்ளைகளுக்கு இதில் முதல் வேலையே காதுகொடுத்துக் கேட்பதுதான். இதை முதலில் சக ஆசிரியர்களோடு செய்து பாருங்கள். எதிராளி சொன்னதை நேர்மையாகத் திருப்பிச் சொல்வது பெரியவர்களுக்கே எவ்வளவு கஷ்டம் என்பது அப்போதுதான் புரியும்.

கேள்வி: சர்ச்சையான பாடம் வந்தால் பயமாக இருக்கிறது. பெற்றோர் புகார் செய்கிறார்கள். தவிர்த்துவிடலாமா?

தவிர்க்காதீர்கள். வகுப்பில் பேசாததை அந்தப் பிள்ளை வேறெங்கோ, யாரும் திருத்தாத இடத்தில் கேட்டுக்கொள்ளும். உங்கள் பயம் நியாயமானது என்பதும் உண்மை. பல ஊர்களில் பள்ளி நிர்வாகமே ஆசிரியருக்குத் துணை நிற்பதில்லை. அதனால் பிடித்துக்கொள்ள ஒரு நெறி வேண்டும்.

1976இல் அன்றைய மேற்கு ஜெர்மனியில் பொய்டெல்ஸ்பாக் என்ற ஊரில் கூடிய அரசியல் கல்வியாளர்களின் விவாதத்திலிருந்து மூன்று கொள்கைகள் பிறந்தன. ஆசிரியர் தன் கருத்தை மாணவர்மேல் திணிக்கக்கூடாது. அறிவுலகிலும் அரசியலிலும் சர்ச்சையாக இருப்பது வகுப்பிலும் சர்ச்சையாகவே வைக்கப்பட வேண்டும். தன் நிலையையும் நலனையும் தானே அலசிப் பார்க்கும் திறனை மாணவர் பெற வேண்டும். இந்த மூன்றையும் எழுதித் தலைமை ஆசிரியரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள். புகார் வந்தபின் விளக்கம் சொல்வதைவிட இது பல மடங்கு எளிது.

இரண்டாவது கொள்கையைத் தவறாகப் பிடித்துக்கொள்பவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கம் என்று ஆகிவிடாது. டயானா ஹெஸ் என்ற ஆய்வாளர் திறந்த கேள்விகளையும் தீர்ந்த கேள்விகளையும் பிரிக்கிறார். யூத இனப்படுகொலை நடந்ததா என்பது தீர்ந்த கேள்வி. அதை விவாதத்துக்கு வைப்பது தவறு. அது ஏன் தடுக்கப்படவில்லை என்பதில் ஆய்வாளர்களே வேறுபடுகிறார்கள், அங்கே விவாதிக்கலாம். ஐரோப்பிய மன்றம் சர்ச்சையான விஷயங்களைக் கற்பிப்பதற்கென்றே ஒரு ஆசிரியர் பயிற்சித் தொகுப்பை வெளியிட்டிருக்கிறது. 1976இல் தொடங்கிய ஃபேஸிங் ஹிஸ்டரி அண்ட் அவர்செல்வ்ஸ் அமைப்பும் இதில் நீண்ட அனுபவம் உள்ளது.

கேள்வி: 'ஃபார்வர்டு' செய்தியைக் காட்டி, புத்தகத்தில் இருப்பது பொய் என்கிறார்கள் மாணவர்கள். என்ன கற்றுக்கொண்டால் சமாளிக்கலாம்?

பக்கவாட்டு வாசிப்பு. வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்றாய்வாளர்கள், 10 தகவல் சரிபார்ப்பாளர்கள், ஸ்டான்ஃபோர்டின் 25 மாணவர்கள் ஆகியோரிடம் இணையத்தில் சில தகவல்களின் நம்பகத்தன்மையைப் பார்க்கச் சொன்னார்கள். தேர்ந்த வரலாற்றாய்வாளர்களே பலமுறை ஏமாந்தார்கள். அழகான வடிவமைப்பு, கம்பீரமான பெயர், அறிஞர் தோரணை எல்லாம் அவர்களை நம்பவைத்தன. சரிபார்ப்பாளர்கள் அந்தப் பக்கத்தில் நின்று நேரம் செலவழிக்கவில்லை. உடனே வேறு சாளரங்களைத் திறந்து, இதன் பின்னால் யார் இருக்கிறார்கள், மற்றவர்கள் இவர்களைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். இதுதான் பக்கவாட்டு வாசிப்பு. குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கும் வந்தார்கள்.

ஆவணத்தைக் கூர்ந்து படிக்கும் பயிற்சி மட்டும் நமக்குப் போதாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. மேலே சொன்ன அதே குழு இதற்கும் இலவசப் பாடங்கள் வைத்திருக்கிறது. அடுத்தமுறை ஒரு மாணவர் ஃபார்வர்டு காட்டினால் கோபப்படாதீர்கள். வகுப்பு முழுவதையும் சேர்த்துக்கொண்டு அப்போதே தேடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டுப் பயிற்சிக்கு வாய்ப்பு உண்டா? ஓர் அமைப்பு 'சிறந்த ஆசிரியர் விருது' தருவதாகச் சொல்லிப் பதிவுக் கட்டணம் கேட்கிறது.

கட்டணம் கேட்டு விருது தருபவர்களுக்குப் பதில் எழுதவே வேண்டாம். உண்மையான உதவித்தொகைகளில் உங்கள் வேலையைப் பற்றித்தான் கேட்பார்கள்.

பல நாடுகளின் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களுக்கென்று அமெரிக்க அரசு நடத்திவரும் ஃபுல்பிரைட் டிஇஏ திட்டம் 6 வாரப் பல்கலைக்கழகப் பயிற்சி. சமூக அறிவியல் ஆசிரியர்களும் அதில் அடக்கம். தகுதியும் நாடுகளின் பட்டியலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பை மட்டும் நம்புங்கள். ஜெருசலேமில் உள்ள யூத இனப்படுகொலை நினைவகமான யாத் வஷேம், அந்த வரலாற்றைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்குப் பன்னாட்டுக் கருத்தரங்குகள் நடத்துகிறது. 1992இல் உருவான யூரோகிளியோ வரலாற்று ஆசிரியர்களின் ஐரோப்பியக் கூட்டமைப்பு. அதன் ஹிஸ்டோரியானா தளத்தில் உள்ள பாடக்கருவிகள் யாருக்கும் திறந்திருக்கின்றன.

விண்ணப்பக் கட்டுரையில் 'என் கனவு' பற்றி எழுதுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் நடந்த ஒரு பாடம், அதில் மாணவர்கள் எங்கே திணறினார்கள், திரும்பி வந்ததும் அதில் எதை மாற்றுவீர்கள் என்று எழுதுங்கள். வகுப்பை அறிந்தவர் எழுதியது என்பது தேர்வுக்குழுவுக்கு அதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: முதுகலைப் பட்டம் இருக்கிறது. முனைவர் பட்டம் செய்தால் கற்பிப்பது மேம்படுமா?

ஆவணக்காப்பகத்தில் உட்கார ஆசை இருந்தால் செய்யுங்கள். பதவி உயர்வுக்காக என்றால் அதற்கான விதிகளைப் பார்த்து முடிவெடுங்கள். வகுப்பறைக்காக மட்டும் என்றால் அத்தனை ஆண்டுகள் தேவையில்லை.

கேள்வி: விடுப்பும் கிடைக்காது, பணமும் இல்லை. பள்ளிக்குள்ளேயே ஏதாவது செய்ய முடியுமா?

ஜப்பானில் நெடுங்காலமாக நடக்கும் பாட ஆய்வு முறை உங்களுக்காகவே ஆனது. மூன்று நான்கு ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் அதை நடத்துகிறார், மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறார்கள். அவர்கள் கவனிப்பது மாணவர்களை. எந்தக் கேள்விக்குத் தலை நிமிர்ந்தது, எந்த இடத்தில் நோட்டில் பேனா நின்றுவிட்டது என்று குறித்துக்கொள்கிறார்கள். அன்று மாலையே கூடிப் பேசிப் பாடத்தைத் திருத்துகிறார்கள். திருத்தியதை அடுத்த பிரிவில் இன்னொருவர் நடத்தலாம்.

உங்கள் பள்ளியில் வரலாற்றுக்கு நீங்கள் ஒருவர்தான் என்றால் தமிழாசிரியரைக் கூப்பிடுங்கள். மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று பார்க்க வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. தலைமை ஆசிரியரிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: மாதத்துக்கு ஒருமுறை உங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைக்கும்படி கால அட்டவணையில் ஒரு பாடவேளை.