அகல அலாய் வீலுக்கு மலிவு டயர்: எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

கேள்வி: வணக்கம் சார். கோவையில் இருக்கிறேன். போன மாதம் செகண்ட் ஹேண்டில் ஒரு ஸ்விஃப்ட் விஎக்ஸ்ஐ வாங்கினேன். முந்தைய ஓனர் 14 இன்ச் வீலைக் கழற்றிவிட்டு 16 இன்ச், 7ஜே அகலத்தில் அலாய் மாட்டியிருக்கிறார், டயர் நாலும் மொட்டை. பழைய ஸ்டீல் வீல்களை டயரோடு கொடுத்துவிட்டார், வீட்டில் கிடக்கின்றன. கையில் 20,000 ரூபாய் இருக்கிறது. ஒரு கடையில் 185/55 ஆர்16 பழைய டயர் ஒன்று 2,500-க்குத் தருகிறார்கள், இழுத்து மாட்டிவிடலாம் என்கிறார்கள். இன்னொரு கடையில் 205/55 போடு, கெத்தாக இருக்கும் என்கிறார்கள். மீதிப் பணத்துக்குக் கிரெடிட் கார்டில் இஎம்ஐ போடலாமா? மாதம் 1,200 கிலோமீட்டர் ஓடும்.

பதில்: அந்த 2,500 ரூபாய் டயரை முதலில் மறந்துவிடுங்கள். விலையில் மலிவாகத் தெரிந்தாலும் ஓடும் கணக்கில் அதுதான் அதிகச் செலவு வைக்கும், அதோடு உயிருக்கும் ஆபத்து.

185/55 ஆர்16 என்றால் டயர் அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் விட்டம் 16 இன்ச். இதை 5 முதல் 6.5 இன்ச் அகல ரிம்மில்தான் மாட்டலாம். உங்களுடையது 7 இன்ச். இழுத்து மாட்டினால் டயரின் பக்கச்சுவர் சாய்ந்து நிற்கும், ரிம்மின் விளிம்பு வெளியே துருத்தும், காற்று கொஞ்சம் குறைந்திருக்கும்போது ஒரு பள்ளத்தில் வேகமாக இறங்கினால் முதலில் அடி வாங்குவது ரிம்தான், மோசமான நேரமாக இருந்தால் டயர் ரிம்மை விட்டே விலகிவிடும். மழை பெய்த மறுநாள் நம் ஊர் ரோடு எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதில் அது பழைய டயர் வேறு. உள்பக்கம் எத்தனை பஞ்சர் ஒட்டியிருக்கிறார்கள், காற்றில்லாமல் எவ்வளவு தூரம் உருட்டினார்கள் என்பதெல்லாம் வெளியே தெரியாது. தேய்ந்த டயரில் பட்டனை மறுபடி வெட்டிப் புதிது மாதிரி விற்பதும் நடக்கிறது.

205/55 உங்கள் ரிம் அகலத்துக்குப் பொருந்தும், ஆனால் உயரம் இடிக்கிறது. காரோடு வந்த 165/80 ஆர்14 டயரின் மொத்த விட்டம் சுமார் 620 மில்லிமீட்டர். 205/55 ஆர்16 கிட்டத்தட்ட 632. ஆள், லக்கேஜ் ஏற்றிக்கொண்டு ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்தால் உள்ளே உரச வாய்ப்பு அதிகம்.

உங்களுக்கு ஏற்றது 195/55 ஆர்16. விட்டம் சுமார் 621, கம்பெனி டயரோடு ஒரு மில்லிமீட்டர்தான் வித்தியாசம், அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, டிக்கியில் இருக்கும் 14 இன்ச் ஸ்டெப்னியையும் அவசரத்துக்கு மாட்டிக்கொள்ளலாம். இந்த அளவுக்கு 7 இன்ச் ரிம்தான் மேல் எல்லை, ஆகவே ரிம்மின் பின்பக்கம் வார்த்திருக்கும் எழுத்தை நீங்களே பார்த்து 7ஜே-தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். 7.5 என்றிருந்தால் இது ஆகாது. பலேனோ, ஐ20 மேல் வேரியண்ட்களில் வந்த அளவு என்பதால் எம்ஆர்எஃப், அப்பல்லோ, சியட், ஜேகே என்று எல்லாக் கம்பெனியிலும் கிடைக்கும், போட்டி இருப்பதால் பேரம் பேசலாம். அளவுக்குப் பக்கத்தில் 87 என்று போட்டிருக்கும், ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்று அர்த்தம். உங்கள் பழைய டயரில் 85, அதாவது 515 கிலோ. அதற்குக் கீழே இறங்கவே கூடாது.

இப்போது பணம். நல்ல கம்பெனி டயர் ஒன்று தோராயமாக 7,000 என்று வையுங்கள், நாலுக்கு 28,000. காற்றையும் அலைன்மென்ட்டையும் ஒழுங்காகப் பார்த்தால் 40,000 கிலோமீட்டர் எதிர்பார்க்கலாம், கிலோமீட்டருக்கு 70 பைசா. அந்தப் பழைய டயர் நாலு 10,000 ரூபாய். அது 10,000 கிலோமீட்டர் ஓடினாலே பெரிய விஷயம், அப்போதே கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் ஆகிவிட்டது. ஒரு ரிம் வளைந்தால் அந்தச் செலவு தனி.

கார்டு வேண்டாம். ஒரு தவணை தவறினாலே மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். 'நோ காஸ்ட்' இஎம்ஐ என்றாலும் பிராசசிங் கட்டணம் இருக்கும், ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடி போய்விடும்.

உங்களிடம் ஸ்டீல் வீல் இருக்கிறதே, அதுதான் பெரிய பலம். அந்த டயர்களில் வெடிப்பு இல்லாமல், பட்டன் நன்றாக இருந்தால் இந்த வாரமே அதை மாட்டிவிட்டு அலாயை ஓரம் வையுங்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2321 என்றால் 2021-ன் 23-வது வாரம் தயாரித்தது. ஆறு வருடம் தாண்டியிருந்தால் நம்பாதீர்கள். மாதம் 2,500 வீதம் நாலு மாதம் எடுத்து வைத்தால் ஃபிட்டிங், பேலன்சிங், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 30,000 கைக்கு வந்துவிடும். ஸ்டீல் வீல் டயரும் போய்விட்டது என்றால், இருக்கும் 20,000-க்குள் நாலு 165/80 ஆர்14 புது டயர் வாங்கி, அலாயை விற்றுவிடுங்கள். கொஞ்சம் மனசு வலிக்கும், ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

வாங்கும்போது பில்லில் ஜிஎஸ்டி 18 சதவீதமா என்று பாருங்கள், 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து குறைந்துவிட்டது. ஐஎஸ்ஐ முத்திரையும் தயாரிப்புத் தேதியும் கண்ணால் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

அப்புறம் இன்சூரன்ஸ். அலாய் மாட்டியிருப்பது பாலிசியில் இருக்கிறதா? முந்தைய ஓனர் சொல்லியிருக்கவே மாட்டார். சொல்லாத மாற்றத்தைக் காட்டிக் கிளெய்மில் சிக்கல் பண்ண இடமுண்டு. சாதாரண பாலிசியில் டயர் மட்டும் கிழிந்தால் எதுவும் வராது, காரும் சேர்ந்து அடிபட்டால்தான், அதுவும் டயர் விலையில் பாதிதான். பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்றும்போதே வீல் விவரத்தையும் எழுத்தில் கொடுத்து, அதைப் பாலிசியில் சேர்த்ததற்கான எண்டார்ஸ்மென்ட் வாங்கிவிடுங்கள்.